பழைய படகும் சுத்தியல் சத்தமும்

பழைய ஃபைபர் படகு ஒன்று பிடித்துப்போய் விலை பேசுகிறீர்கள் என்றால், முன்பணக் காகிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: சர்வேயும் (நிபுணர் படகைச் சோதித்து அறிக்கை தருவது) கடல் ஓட்டமும் வாங்குபவருக்குத் திருப்தி என்றால்தான் விற்பனை, இல்லையென்றால் முன்பணம் முழுதும் திரும்ப வரும். இந்த வரி இல்லாமல் சர்வேயரைக் கூப்பிட்டால், அவர் எதைக் கண்டுபிடித்தாலும் உங்கள் கையில் பிடி இருக்காது.

சர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ தரகரோ சொல்லும் ஆள் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்த வேலையும் அவர்களிடமிருந்துதான் வரும். அமெரிக்காவில் சாம்ஸ், நாம்ஸ், பிரிட்டனில் ஒய்.டி.எஸ்.ஏ., ஐ.ஐ.எம்.எஸ். போன்ற சர்வேயர் அமைப்புகளில் உறுப்பினரா என்று முதலில் பார்க்கலாம். அதோடு, அவர் முன்பு எழுதிய அறிக்கை ஒன்றை, பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்றே பக்கம் பக்கமாக ஓடினால் வேறு ஆளைப் பாருங்கள். எந்த இடம், எப்படிச் சோதித்தார், என்ன அளவு வந்தது என்று எழுதுகிறவர்தான் வேண்டும். அவர் அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஃபைபர் படகில் சர்வே என்பது பெரும்பாலும் ஒரே தேடல்தான்: தண்ணீர் எங்கே உள்ளே போயிருக்கிறது? ஃபைபர் அழுகாது. அதன் நடுவில் வைத்த பால்சா மரமும் ப்ளைவுட்டும் அழுகும். டெக்கில் கைப்பிடிக் கம்பியோ கயிறு கட்டும் கிளீட்டோ பொருத்திய போல்ட்டைச் சுற்றி சீலன்ட் காய்ந்து விட்டுப்போனால் போதும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும். மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். உள்ளே மரம் சொதசொத என்று ஆகிவிட்டிருக்கும்.

அதனால்தான் சர்வேயர் கையில் சின்ன பிளாஸ்டிக் தலைச் சுத்தியல். விரலிடை விரலிடையாகத் தட்டிக்கொண்டே நகர்வார். கெட்டியான இடம் ‘டக்’ என்று கணீரெனச் சொல்லும், சுத்தியல் துள்ளி எழும். மரம் அழுகியோ அடுக்கு பிரிந்தோ இருந்தால் ‘தொப்’ என்று அடங்கிவிடும். சத்தம் மாறும் எல்லையைச் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். கிளீட்டைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் என்றால் வெட்டியெடுத்துச் சரிசெய்யும் வேலை. அந்த வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து டெக்கின் பாதியைப் பிடித்தால், அந்தப் படகை விட்டுவிடுவதே என் யோசனை. உள்ளே தடுப்புச்சுவர் வரும் கோட்டிலும் சத்தம் மாறும் என்பதால், இந்தக் காது பழக்கப்பட்ட காதாக இருக்க வேண்டும்.

ஈரமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. செம்பு கலந்த அடிப்பெயின்ட், பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டி, உள்பக்கம் தேங்கிய நீர் எல்லாமே எண்ணை ஏற்றிக் காட்டும். சில இடங்களில் பெயின்டைச் சுரண்டி, நீர்மட்டத்துக்கு மேலுள்ள காய்ந்த பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். படகின் அடியில் எழும் கொப்புளங்களைப் பார்ப்பதற்கோ படகு காயக் கூடாது. படகைக் கரையேற்றிய உடனே பார்க்க வேண்டும், காயக் காயச் சில வற்றிவிடும். உடைத்தால் வினிகர் வாடை அடிக்கும் நீர் வந்தால் அது பெயின்ட் குமிழி அல்ல, ஃபைபரைப் பிணைக்கும் ரெசினுக்குள் நீர் புகுந்து வேலை செய்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பயப்பட வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பின்னால் வெளியே மாட்டிய அவுட்போர்டு படகில் முதல் சந்தேகம் பின்பலகை மேல் விழட்டும். எஞ்சினைப் பாதி தூக்கிவைத்து, கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகையைப் பாருங்கள். பலகை அசைந்தாலோ போல்ட் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்தாலோ உள்ளே ப்ளைவுட் போய்விட்டது. அதை மாற்றுவது பெரிய வேலை. பாய்மரப் படகு என்றால் அடியில் தொங்கும் எடைக்கட்டை உடலோடு சேரும் கோட்டில் விரிசல், அதன் பின்முனைக்கு நேர் மேலே உள்பக்கம் உடைப்பு இரண்டையும் பாருங்கள். தரைதட்டிய அடி அங்கேதான் தெரியும். சேல்டிரைவ் (எஞ்சினிலிருந்து படகின் அடி வழியாக ப்ரொப்பல்லருக்கு இறங்கும் கால்) இருந்தால், அந்த அடித்துளையில் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் டயஃப்ரம் எப்போது மாற்றியது என்று ரசீது கேளுங்கள். வோல்வோ பென்டா 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது.

அடியில் துளையிட்டு வைத்த சீகாக் வால்வுகள் ஒவ்வொன்றையும் கையால் திருகித் திறந்து மூட வேண்டும். பித்தளையைச் சுரண்டினால் மஞ்சள் மின்னாமல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் அதிலிருந்த துத்தநாகம் கரைந்துபோய்விட்டது. ஒரு தட்டில் உடையலாம், உடைந்தால் படகு மூழ்கும். மற்ற உலோகங்கள் அரிக்காமல் தான் கரைந்து காக்கும் துத்தநாக ஆனோடு பாதி தேய்ந்திருந்தால் நல்லது. நாள்பட்டும் புதிதுபோலவே இருந்தால் அது மின்தொடர்பில் இல்லை அல்லது மேலே பெயின்ட் பூசிவிட்டார்கள்.

படகுச் சர்வேயர்களில் பலர் எஞ்சினை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். தனி மெக்கானிக் வையுங்கள். நீங்கள் வரும்வரை எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிட்டு, போனதும் பிளாக் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கடல் ஓட்டத்தில் முழு வேகத்தில் சில நிமிடங்கள் பிடித்து வையுங்கள். டீசல் எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் நிமிடத்துக்கு 3,600 சுற்று சொல்லியிருக்க, 3,200-லேயே நின்று கறுப்புப் புகை விட்டால் ப்ரொப்பல்லர் பெரிது, அல்லது அடியில் சிப்பி ஏறியிருக்கிறது, அல்லது காற்றோ எரிபொருளோ சரியாகப் போகவில்லை. படகைக் கரையேற்றி அடியைப் பார்த்தால் சிப்பிதான் காரணமா என்பது தெரிந்துவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவது. எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காத வெண்புகை என்றால் எரியாத டீசலோ உள்ளே வரும் நீரோ என்று மெக்கானிக் பிரித்துச் சொல்ல வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் எல்லா சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள்: சர்வேயர் அடுத்தவர் படகில் எதையும் பிரிக்க மாட்டார், துளையிடவும் மாட்டார். அதற்கு உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். அலமாரிகளையும் பில்ஜையும் (தளத்துக்கு அடியில் நீர் தேங்கும் பள்ளம்) முதல்நாளே காலி செய்யச் சொல்லுங்கள். பாய் மூட்டைக்கு அடியில் இருப்பது அறிக்கையில் ‘பார்க்க முடியவில்லை’ என்றுதான் வரும். படகின் அடையாள எண்ணைக் காகிதத்தோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள். அமெரிக்காவில் 1972 நவம்பருக்குப் பின் கட்டிய படகுகளில் அது பின்பலகையின் வலப்புறம் மேலே இருக்கும்.

எஞ்சின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். எண்ணெய் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையும் குறியுங்கள். நேற்று ஊற்றிய எண்ணெய் எதையும் காட்டாது. முடிவு வரச் சில நாள் ஆகும். ஆகவே ஒப்பந்தத்தில் சர்வேக்கான கெடுவை அதற்கும் சேர்த்தே வாங்குங்கள், அந்தத் தாள் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.