ஹெட்டை வீட்டிலேயே போர்ட்டிங் செய்த கதை

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்புரேட்டர் வைத்த பழைய எஞ்சின் என்னுடையது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எப்படியும் ஹெட்டைக் கழற்றத்தானே வேண்டும், கையோடு போர்ட்டிங்கும், அதாவது ஹெட்டில் காற்றும் புகையும் போகும் துவாரங்களைக் (போர்ட்) குடைந்து சரிசெய்வதையும், செய்துவிடலாம் என்று ஆசை வந்தது. துவாரத்தைப் பெரிதாக்கினால் காற்று அதிகம் போகும், காற்று அதிகம் போனால் சக்தி கூடும். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நல்ல வேளை, நேராக என் ஹெட்டில் கை வைக்கவில்லை. அதே மாடலில் விரிசல் விட்ட ஹெட் ஒன்று கிடைத்தது. முதல் வேலையாக அதன் ஒரு இன்டேக் போர்ட்டை (காற்று உள்ளே போகும் துவாரம்) ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். கை கழன்றுவிட்டது, ஆனால் இந்த மொத்த வேலையிலும் உருப்படியாகச் செய்தது அதுதான். போர்ட்டின் மேல்பக்கச் சுவர் 5 மி.மீ. தடிமன் இருந்தது. வால்வை நோக்கிப் போர்ட் திரும்புகிற உள்வளைவில் 3 மி.மீ.கூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் அறை. அங்கே ஓட்டை விழுந்தால் ஹெட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மீதி மூன்று போர்ட்டில் பழகினேன். ஒன்றைத் தொடாமல் அப்படியே விட்டேன். இன்னொன்றை, மேனிஃபோல்டு (போர்ட்டுகளின் வாயில் வந்து சேரும் குழாய்த் தொகுப்பு) கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து, அந்தக் கோடு வரை தாராளமாகக் குடைந்தேன். மூன்றாவதில் போர்ட்டின் வாயைத் தொடவே இல்லை. வால்வு மூடும்போது உட்காரும் சீட்டுக்குக் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற பகுதியை மட்டும் சரிசெய்தேன்: சீட் வளையமும் அலுமினியமும் சேரும் இடத்து விளிம்பை இழைத்தேன், வால்வுத் தண்டு ஓடும் குழலான கைடைச் சுற்றியிருந்த புடைப்பை ஒல்லியாக்கினேன், உள்வளைவின் கூர்மையை மழுக்கினேன்.

பிறகு ஒரு வீட்டுச் சோதனை. வேக்குவம் கிளீனர் குழாயைச் சிலிண்டர் பக்கத்தில் பொருத்தி, யு வடிவ பிளாஸ்டிக் குழாயில் சாயத் தண்ணீர் ஊற்றி, வால்வை 2, 4, 6, 8 மி.மீ. என்று திறந்து பார்த்தேன். காற்று தாராளமாகப் போனால் இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசம் குறையும். துல்லியமான கருவி இல்லை, ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிடப் போதும். கோடு வரை குடைந்த போர்ட், தொடாத போர்ட்டைவிடக் கொஞ்சம்கூட மேலாக இல்லை. கிண்ணத்தை மட்டும் தொட்ட போர்ட் எல்லாத் திறப்பிலும் முந்தியது. யோசித்தால் புரிகிறது: காற்று மூச்சுத் திணறுவது வால்வுக்குப் பக்கத்தில். வாசலை எவ்வளவு அகலப்படுத்தி என்ன? போர்ட் தேவைக்கு மேல் பெரிதானால் காற்றின் வேகம் குறையும், கீழ் ஆர்பிஎம்மில் (எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது) இழுவையும் போய்விடும்.

சரி, என் ஹெட்டுக்கு வருவோம். கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை: வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டை கிரைண்டர், அலுமினியத்துக்கென்றே அகலப் பல் வைத்த கார்பைடு பர் (சுழன்று குடையும் முனை), எமரி சுருள்கள். இரும்புக்கான பர்ரில் அலுமினியம் அப்பிக்கொள்ளும். அகலப் பல்லிலும் அப்பும், அதனால் அடிக்கடி மெழுகுவர்த்தியில் ஒரு தொடு. நீளத் தண்டு பர்ரை போர்ட்டுக்கு வெளியே முழு வேகத்தில் சுற்றவிட்டால் தண்டே வளைந்துவிடும். கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் கிரைண்டரை எடுக்காதீர்கள். அலுமினியத் துகள் சட்டைப் பையிலிருந்து மறுவாரமும் வந்தது.

இன்டேக் வால்வு 36 மி.மீ. அதன் தொண்டை (சீட்டுக்குக் கீழே துவாரம் குறுகும் இடம்), வால்வு விட்டத்தில் 85 முதல் 88 சதவீதம் இருந்தால் பாதுகாப்பு என்று வைத்துக்கொண்டு 31 மி.மீ.யில் நிறுத்தினேன். நான்கிலும் அதே அளவு. ஒரே போர்ட்டை ஒரே மூச்சில் முடிக்காமல் ஒவ்வொரு வேலையையும் நான்கிலும் வரிசையாகச் செய்ததால்தான் நான்கும் ஒன்றுபோல் வந்தன.

மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்டில் (புகை வெளியேறும் போர்ட்) கை நழுவியது. பர் துள்ளி, வால்வு சீட்டின் குறுக்கே நகக்கீறல் போல ஒரு கோடு. வயிற்றைக் கலக்கிவிட்டது. பர்ரை உள்ளே விட்ட பிறகே சுற்ற வேண்டும், நின்ற பிறகே வெளியே எடுக்க வேண்டும் என்று படித்திருந்தேன். சோம்பல். வால்வு தேய்க்கும் பேஸ்ட் போட்டுத் தேய்த்தும் கோடு போகவில்லை. கடைசியில் லேத் பட்டறையில் அந்த ஒரு சீட்டை மட்டும் வெட்டிக்கொடுத்தார்கள்.

மேனிஃபோல்டில் நான் எதிர்பார்க்காத சிக்கல். போல்ட் துளைகள் தளர்வாக இருந்ததால் மாட்டும் ஒவ்வொரு முறையும் அது கிட்டத்தட்ட 1 மி.மீ. நகர்ந்தது. இதை வைத்துக்கொண்டு எதோடு எதைப் பொருத்துவது? இரண்டு டவல் பின் (நகராமல் பிடிக்கும் சிறு கம்பி) அடித்து இடத்தை நிலைப்படுத்திய பிறகுதான் கோடு கிழித்தேன். மேனிஃபோல்டின் வாய் ஹெட்டின் வாயைவிட ஒரு மயிரிழை சின்னதாக இருக்கட்டும் என்று விட்டேன். வரும் காற்று படியில் முட்டக் கூடாது. எக்ஸாஸ்டில் இதே கணக்கு: ஹெட்டின் வாய் சின்னது, பைப்பின் வாய் பெரியது.

இன்டேக்கைக் கண்ணாடி போல மினுக்கவில்லை, சொரசொரப்பான 80-ஆம் நம்பர் எமரியோடு நிறுத்தினேன். எக்ஸாஸ்டை மட்டும் நன்றாக வழவழப்பாக்கினேன். அப்புறம் சோப்புத் தண்ணீர், பாட்டில் பிரஷ், ஆயில் துளைகளில் காற்று, மறுபடி சோப்பு. அரை நாள் இதற்கே போனது.

வண்டி ஓடியபோது கீழ் ஆர்பிஎம்மில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பு 4000 ஆர்பிஎம்முக்கு மேல் சோர்ந்துவிடும், இப்போது தொடர்ந்து இழுத்தது. ஆனால் பிளக்குகள் வெளுத்து வந்தன. பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கியதும் இளம்பழுப்பு நிறத்துக்கு வந்தன. வெட்டிய சீட்டில் வால்வு கொஞ்சம் உள்ளே இறங்கி, அதன் தண்டு மேலே ஏறியிருந்ததால், மூன்றாவது எக்ஸாஸ்டின் வால்வு இடைவெளியை மட்டும் மறுபடி வைக்க வேண்டியிருந்தது. 500 கி.மீ. ஓட்டிவிட்டு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன், அப்படியே இருந்தது.