அட்டவணையின் வரிசைமுறை யார் பொறுப்பு?

சில மாதங்களுக்கு முன், ஜாவா மொழியில் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஎஃப்எக்ஸில் ஒரு டெஸ்க்டாப் செயலி எழுதிக்கொண்டிருந்தேன். பின்னணியில் ஓடும் பணிகளின் பெயர், நிலை, தொடங்கிய நேரம் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் காட்டுவதுதான் அதன் முதன்மைத் திரை. புதிய பணி எப்போதும் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகத் தரவுப் பட்டியலை, அதை வரிசைப்படுத்திக் காட்டும் ஒரு சார்ட்டட்லிஸ்ட்டுக்குள் வைத்து, நேரத்தை ஒப்பிட்டு எது முன், எது பின் என்று சொல்லும் கம்பேரட்டரைக் கொடுத்து, அதை அட்டவணையைத் திரையில் காட்டும் டேபிள்வியூவிடம் ஒப்படைத்தேன். பணிகள் சரியான வரிசையில் வந்தன. ஆனால் நெடுவரிசைத் தலைப்பை எத்தனை முறை சொடுக்கினாலும் ஒரு பதிவும் இடம் மாறவில்லை. அம்புக்குறிகூடத் தலைப்பில் நிலைக்கவில்லை.

காரணம் புரிவதற்கு, டேபிள்வியூ இயல்பாக எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டியிருந்தது. தன் மாற்றங்களைத் திரைக்குத் தெரிவிக்கும் சாதாரணப் பட்டியலான அப்சர்வபிள்லிஸ்ட்டைக் கொடுத்திருந்தால், தலைப்பைச் சொடுக்கியதும் அது அந்தப் பட்டியலையே கலைத்து அடுக்கிவிடுகிறது. திரை மட்டும் மாறுவதில்லை, நம் தரவே மாறுகிறது. எனவே மூன்றாவது சொடுக்கில் அம்புக்குறி மறைந்தாலும் பழைய வரிசை திரும்புவதில்லை. அதன் சுவடு எங்கும் மிஞ்சியிருக்காது. அதன்பின் சேர்க்கப்படும் பதிவும் தனக்குரிய இடத்தில் சென்று அமராமல் கடைசியில் போய் நிற்கிறது.

2014இல் ஜாவா 8 உடன் வந்த சார்ட்டட்லிஸ்ட் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. அது மூலப் பட்டியலைத் தொடாமல், அதன் மேல் வரிசைப்படுத்திய ஒரு தோற்றத்தை மட்டும் தருகிறது. ஆனால் அதை வெளியிலிருந்து யாரும் அடுக்க முடியாது. அதனால்தான் டேபிள்வியூ, தனக்குக் கிடைத்தது சார்ட்டட்லிஸ்ட் என்று அறிந்ததும், அதன் கம்பேரட்டரும் தன் கம்பேரட்டரும் ஒன்றா என்று மட்டும் சோதிக்கிறது. இரண்டும் வேறென்றால் வரிசைப்படுத்தல் தோற்றதாக முடிவு செய்து, தலைப்பைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. இரண்டையும் பிணைக்கச் சொல்லும் ஒரு வரி நிரலின் பதிவேட்டில் (லாக்) எழுதப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அது எச்சரிக்கையாக அன்றி வெறும் தகவலாக எழுதப்படுகிறது. எச்சரிக்கைகளை மட்டும் காட்டும்படி வைத்திருந்த என் கண்ணில் அது படவேயில்லை. இவ்வளவு முக்கியமான செய்தி இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும் என்றே நினைக்கிறேன்.

சார்ட்டட்லிஸ்ட்டின் கம்பேரட்டர் பண்பை டேபிள்வியூவின் கம்பேரட்டர் பண்போடு பைண்ட் செய்தேன்; அதாவது, பின்னது மாறும்போதெல்லாம் முன்னதும் தானே மாறும்படி பிணைத்தேன். தலைப்புகள் வேலை செய்யத் தொடங்கின; ஆனால் நான் கொடுத்திருந்த நேர வரிசை மறைந்துவிட்டது. பயனர் எந்த நெடுவரிசையையும் தேர்ந்தெடுக்காதபோது டேபிள்வியூவின் கம்பேரட்டர் வெறுமையாக இருக்கும். பைண்ட் செய்த கணத்திலேயே அந்த வெறுமை என் கம்பேரட்டரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் மீண்டும் என்னுடையதை வைக்க முயன்றால், பைண்ட் செய்யப்பட்ட பண்பை மாற்ற இயலாது என்று நிரல் முறிந்தது.

தொடக்க வரிசை மட்டும் போதும் என்றால், நேரத்திற்கான நெடுவரிசையை எந்த நெடுவரிசைகளின்படி அடுக்குவது என்று குறிக்கும் அட்டவணையின் சார்ட்ஆர்டர் பட்டியலில் நாமே சேர்த்துவிடலாம். பயனரே சொடுக்கியதுபோல அம்புக்குறியும் சரியாகத் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். என் தேவை சற்றுக் கூடுதலானது. நிலையின்படி அடுக்கும்போது ஒரே நிலையில் உள்ள பணிகள் தமக்குள் நேர வரிசையில் இருக்க வேண்டும். அதற்காக, அட்டவணையின் கம்பேரட்டருக்குப் பின் என் கம்பேரட்டரைத் தொடுத்து, அந்தக் கூட்டுக் கம்பேரட்டரோடு பட்டியலைப் பைண்ட் செய்தேன். ஆனால் அப்போது இரு கம்பேரட்டர்களும் மீண்டும் வேறுவேறாகிவிடுவதால் முதலில் கண்ட சோதனை மறுபடி தோற்கிறது. அந்தச் சோதனையைச் செய்யும் சார்ட்பாலிசியை மாற்றி, அது எப்போதும் வெற்றி என்றே விடையளிக்கும்படி செய்த பிறகுதான் எல்லாம் ஒழுங்கானது.

பிறகும் ஒரு குறை இருந்தது. ஒரு பணியின் நிலை மாறினால் அதன் பதிவு பழைய இடத்திலேயே நின்றது. ஒரு பொருளின் உள்ளே இருக்கும் மதிப்பு மாறுவதைப் பட்டியல் தானாக அறியாது. மூலப் பட்டியலை உருவாக்கும்போதே, எந்தெந்தப் பண்புகளைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும் எக்ஸ்ட்ராக்டரைக் கொடுக்க வேண்டும். அதிலும் கவனம் தேவை. அடிக்கடி மாறும் பண்பை அதில் சேர்த்து, அதே நெடுவரிசையில் வரிசைப்படுத்தினால், பயனர் சொடுக்கப்போகும் பதிவு சுட்டியின் கீழிருந்து நகர்ந்துவிடும்.

தேடல் பெட்டி இருந்தால், தேடலுக்குப் பொருந்தும் பதிவுகளை மட்டும் தரும் ஃபில்டர்ட்லிஸ்ட் உள்ளேயும் சார்ட்டட்லிஸ்ட் வெளியேயும் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் அட்டவணை ஃபில்டர்ட்லிஸ்ட்டை அடுக்க முயன்று, இயலாமல் ஓசையின்றிக் கைவிடும். நீக்கும்போதும், தேர்ந்தெடுத்த பதிவின் வரிசை எண்ணை மூலப் பட்டியலுக்கு அப்படியே அனுப்பக் கூடாது. திரையில் மூன்றாவதாகத் தெரிவது மூலத்தில் எங்கோ இருக்கலாம். அந்த எண்ணை நம்பி நான் நீக்கியது வேறொரு பணியை.

இந்தச் சிக்கல் ஜாவாஎஃப்எக்ஸுக்கு மட்டும் உரியதன்று. ஜாவாவின் பழைய திரைக் கருவித்தொகுப்பான ஸ்விங்கின் ஜேடேபிள் அட்டவணையில், வரிசைப்படுத்தும் ரோசார்ட்டர் தரவைத் தொடாமல் திரையின் வரிசையை மட்டும் மாற்றுகிறது; திரையின் வரிசை எண்ணை மூலத்தின் எண்ணாக மாற்றித் தரத் தனி மெத்தட் உண்டு. க்யூட்டி என்ற மற்றொரு கருவித்தொகுப்பின் டேபிள்விட்ஜெட் அட்டவணையில் வரிசைப்படுத்தலை இயக்கிவிட்டுத் தரவை நிரப்பத் தொடங்கினால், ஒரு கட்டத்தை நிரப்பியவுடனே அந்தப் பதிவு வேறிடம் போய்விட, அடுத்த மதிப்பு தவறான பதிவில் சேரக்கூடும். 2020இல் வெளியான ஜிடிகே 4 என்ற கருவித்தொகுப்பின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது: அதன் அட்டவணையான காலம்வியூவிடமிருந்து, பயனர் கேட்ட வரிசையைச் சொல்லும் சார்ட்டரைப் பெற்று, அதை நாமே, அடுக்கும் பட்டியலான சார்ட்லிஸ்ட்மாடலிடம் கொடுக்கிறோம். தலைப்பைச் சொடுக்குவது விருப்பத்தைத் தெரிவிக்கிறது, அடுக்குவது பட்டியலின் வேலையாகவே இருக்கிறது. ஜாவாஎஃப்எக்ஸில் அந்த பைண்ட் வரி செய்வதும் இதையேதான். அதனால் இப்போது அட்டவணையை உருவாக்கும் வரிக்கு அடுத்த வரியிலேயே அதை எழுதிவிடுகிறேன்.