அம்மாவுக்கு ஆபரேஷன் உண்டு, மகளுக்கு லீவு இல்லை

ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் என்று ஒன்று இருக்கும். யார் எத்தனை மணிக்கு பஞ்ச் அடித்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எத்தனை நாள் சம்பளம் பிடிக்க வேண்டும் என்று பார்க்கிற இடம். ராணிப்பேட்டை பக்கம் பல வருடமாக எனக்கு அந்த வேலைதான். கம்பெனி பெயர் வேண்டாம். இங்கிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

லீவு லெட்டர் எல்லாம் என் மேஜைக்கு வரும். எங்கள் ஸ்டிச்சிங் லைனில் பெரும்பாலும் பெண்கள். காரணம் என்ற இடத்தில் அநேகமாக ‘எனக்கு உடம்பு சரியில்லை’ என்றுதான் இருக்கும். அதில் நிறைய பொய் என்று எனக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். காய்ச்சல் பிள்ளைக்கு வந்திருக்கும். படுத்த படுக்கையாகக் கிடப்பது மாமியாராக இருக்கும்.

ஏன் பொய் எழுதுகிறார்கள்? தனக்கு நோய் என்றால், தொழிலாளியும் கம்பெனியும் பணம் போடுகிற அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி, சம்பளத்தில் 70 சதவீதம் பெறலாம். வருடத்துக்கு 91 நாள் வரை. பிள்ளைக்கு நோய் என்று உண்மையை எழுதினால் ஒரு பைசா கிடையாது. அதோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போகும். ஒரு நாள் வராததற்கு அந்த மாத போனஸ் முழுவதையும் பிடிக்கிறோம். பிடிக்கிற கை என்னுடையது என்பதால் சொல்கிறேன், எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

என் தங்கையும் ஸ்டிச்சிங்தான், வேறு ஒரு கம்பெனியில். அம்மா அவளோடு இருந்தார். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தங்கையின் இ.எஸ்.ஐ. கார்டில் அம்மாவின் பெயர் இருந்ததால் ஆபரேஷன் செலவைப் பற்றி நாங்கள் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. இதை மனதாரச் சொல்ல வேண்டும். இ.எஸ்.ஐ.யைத் திட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

ஆனால் வார்டில் முதல் நாளே நர்ஸ் சொன்னது: “கூட ஒரு ஆள் இருக்கணும்.” பெட்டில் திருப்பிப் போட, பெட்பேன் வைக்க, கீழே போய் மருந்து வாங்கி வர. வீட்டுக்கு வந்த பிறகும் வாக்கர் பிடித்து நடக்கப் பழக்க ஒரு ஆள் வேண்டும். வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சி.எம்.சி. மருத்துவமனை எதிரில் காந்தி ரோட்டில் மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒரு நோயாளியோடு ஒருவர், இருவர் என்று வந்து, லாட்ஜில் அறை எடுத்து, அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்துக் கொண்டிருப்பார்கள். அத்தனை பேரும் எங்கோ ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள்தானே? பில்லில் அந்தக் கணக்கு வராது.

தங்கைக்கு இருந்தது தொழிற்சாலைச் சட்டப்படி சேர்ந்த சம்பள லீவு மட்டும்தான். 20 நாள் வேலை செய்தால் ஒரு நாள் என்ற கணக்கு. அது சீக்கிரமே தீர்ந்தது. அப்புறம் லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளமில்லாத லீவு. அதற்கும் ஒரு எல்லை உண்டு. கடைசியில் கம்பெனியில் பெயரை எடுத்துவிட்டார்கள். அம்மா எழுந்து நடந்த பிறகு அதே கம்பெனியில், அதே மெஷினில், புது ஆளாகச் சேர்ந்தாள். டோக்கன் நம்பர் புதுசு, சம்பளம் ஆரம்பச் சம்பளம். வேலையை விடும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி பணத்துக்கு ஐந்து வருடம் தொடர்ச்சியாக வேலை செய்திருக்க வேண்டும் என்பார்கள். அவளுக்கு நாலு வருடம் தாண்டியிருந்தது. எல்லாம் முதலிலிருந்து.

“சண்டை போடலையா?” என்று கேட்டேன்.

“சட்டத்துலயே இல்லாததை யார்கிட்ட போய் கேக்கறது, அண்ணா?”

நியாயமான பதில்தான். அதனால்தான் வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள சம்பளத்தோடு லீவு சட்டத்தில் வேண்டும் என்கிறேன்.

பிரசவத்துக்கு இருக்கிறதே. 12 வாரமாக இருந்தது, 2017 திருத்தத்தில் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமானது. எங்கள் லைன் பெண்களுக்கு அந்தச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. நிதி கொடுக்கிறது, முழுச் சம்பளம். கம்பெனி கையிலிருந்து போகாததால் முதலாளிக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டிவிடும், அங்கே கம்பெனியே கொடுக்க வேண்டும். அந்த வேலைகளுக்குத்தான் இன்டர்வியூவில் “கல்யாணம் எப்போம்மா?” என்று கேட்கிறார்கள். லீவின் செலவை ஒரே ஒரு முதலாளி தலையில் கட்டினால், அவர் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் தப்பிக்கத்தான் பார்ப்பார். பொது நிதியிலிருந்து வந்தால் அந்தத் தொல்லை இல்லை. அப்பாக்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், தனியார் கம்பெனியில் அவர்களுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருட மகப்பேறு விடுப்பு. மத்திய அரசில் பிள்ளை வளர்க்க என்றே பெண்களுக்கு மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள். அவர்களுக்கு ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே சண்டை நடக்கிறது. அங்கே 1993ல் வந்த தேசியச் சட்டம் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள 12 வாரம் லீவு தருகிறது, ஆனால் சம்பளம் கிடையாது. கலிஃபோர்னியா மாநிலம் மட்டும் 2004லிருந்து சம்பளத்தின் ஒரு பகுதியைக் கொடுக்க ஆரம்பித்தது. பணம் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கிற நிதியிலிருந்தே வருகிறது. அம்மா, அப்பா, மனைவி, பிள்ளை யாருக்குக் கடுமையான நோய் என்றாலும் இப்போது எட்டு வாரம் வரை எடுக்கலாம். அதன் பிறகு வேறு சில மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன.

நமக்குப் புதிதாக நிதி தொடங்கக்கூட வேண்டாம். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண்ணிடம் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய் பிடிக்கிறோம். கம்பெனி 3.25 சதவீதம், 390 ரூபாய் போடுகிறது. இதில் கால் சதவீதம் கூட்டினால் 30 ரூபாய். அது போதுமா, எத்தனை வாரம் தாங்கும் என்பதைக் கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுச் சொல்லட்டும். லைனில் இருப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். முப்பது ரூபாய்க்கு மறுப்புச் சொன்னவர் யாரும் இல்லை. லீவு முடிந்து வந்தால் பழைய டோக்கன் நம்பர் கிடைக்குமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். எனக்கும் பணத்தைவிட அதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

இதிலும் சேராதவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறவர்கள், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று சுற்றுகிறவர்கள். வீட்டிலேயே இருப்பதால் நோயாளியையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். கை நின்றால் கூலி நிற்கும். அவர்களுக்கு எந்த நிதியில் இடம் என்பது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம்.

இதையெல்லாம் எங்கள் மேனேஜரிடம் ஒருமுறை சொன்னேன். “கொடுத்தா எல்லாரும் அம்மாவுக்கு நோய்னு எழுதுவாங்கப்பா” என்றார். சார், இப்போது எல்லாரும் தனக்கே நோய் என்று எழுதுகிறார்கள், அது பரவாயில்லையா என்றேன். சிரித்தார். ஏமாற்றுவதைத் தடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. என் தங்கை விஷயத்தில் அம்மாவின் பெயர் கார்டில் இருந்தது. ஆபரேஷனுக்குப் பணம் கட்டியதும் இ.எஸ்.ஐ.தான், டிஸ்சார்ஜ் தேதி தெரிந்ததும் அவர்களுக்குத்தான். எத்தனை வாரம் கூட ஆள் வேண்டும் என்று அந்த டாக்டரே ஒரு வரி எழுதிக் கொடுக்கலாம். டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு கட்டம் போட எனக்குப் பத்து நிமிஷம் ஆகாது.