ஹெட் கேஸ்கெட் ஏன் போகிறது?

ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னதும், அந்த மெல்லிய தகட்டின் தரத்தைத்தான் பலரும் குறை சொல்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது தானாகக் கெடுவதில்லை என்பதே என் கருத்து. குளிர்விக்கும் அமைப்பில் நேர்ந்த ஏதோ ஒரு கோளாறு எஞ்சினை அளவுக்கு மீறிச் சூடாக்க, அந்தச் சூட்டுக்குக் கேஸ்கெட் பலியாகிறது. ஆகவே, எஞ்சினைப் பிரிக்காமல் தொடவே முடியாத இந்தப் பாகத்தைப் பராமரிப்பதென்றால், அதைச் சுற்றி ஓடும் கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, பராமரிப்பதுதான்.

பிஸ்டன்கள் ஓடும் சிலிண்டர் பிளாக்கிற்கும் அதன்மேல் மூடிபோல் அமரும் ஹெட்டுக்கும் இடையில் இருந்துகொண்டு, எரியும் வாயு, கூலன்ட், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமலும் வெளியே கசியாமலும் ஹெட் கேஸ்கெட் தடுக்கிறது. எரிப்பின் உச்ச அழுத்தம் இன்றைய டீசல் எஞ்சின்களில் 150 பாரையும் (ஒரு பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்) தாண்டக்கூடும். அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓடும் கூலன்டின் அழுத்தமோ ஏறக்குறைய ஒரு பார்தான். இதற்கிடையே உலோகங்களின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால், இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் கொண்ட எஞ்சினில், ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரு பரப்புகளும் கேஸ்கெட்டின்மீது நுண்ணிய அளவில் உரசி நகர்கின்றன. முன்பு கல்நார் கலந்து செய்த கேஸ்கெட்டுகளின் இடத்தைக் கிராஃபைட் வகையும், பின்னர் பல அடுக்கு எஃகுத் தகடுகளும் பிடித்துக்கொண்டதற்கு இந்த உரசலைத் தாங்க வேண்டிய தேவையும் ஒரு காரணம்.

எஞ்சின் அதிகமாகச் சூடேறினால் நடப்பது இதுதான்: ஹெட் விரியப் பார்க்கிறது, போல்ட்டுகள் விடுவதில்லை, நடுவில் அகப்பட்ட அலுமினியம் நசுங்குகிறது. ஆறிய பிறகு நசுங்கிய பகுதி பழைய கனத்துக்குத் திரும்பாததால் போல்ட்டுகளின் இறுக்கம் குறைகிறது. ஹெட்டின் அடிப்பரப்பும் வளைந்துவிடலாம். ஒரே ஒருமுறை கடுமையாகச் சூடான வண்டி, அன்று நன்றாக ஓடிவிட்டுச் சில மாதங்கள் கழித்துக் கேஸ்கெட் பழுதைக் காட்டுவது இதனால்தான்.

முதல் அடையாளம் பெரும்பாலும் புகையன்று. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் கூலன்டின் அளவு குறைந்துகொண்டே வருவதைத்தான் நான் முதலில் கவனிக்கச் சொல்வேன். ஆறிய எஞ்சினை இயக்கிய சிறிது நேரத்திலேயே ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகுவதும், சூட்டில் விரியும் கூலன்ட் சேரும் விரிவுத் தொட்டியில் குமிழிகள் விடாமல் வருவதும் எரிப்பு வாயு கூலன்டுக்குள் புகுகிறது என்பதற்கான வலுவான அறிகுறிகள். எஞ்சின் சூடான பின்னும் நீங்காத, இனிப்பு வாடையுள்ள வெண்புகை, கூலன்ட் சிலிண்டருக்குள் எரிவதைக் காட்டும். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படலம் தெரிந்தால் மட்டும் உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குறுந்தூரமே ஓடும் வண்டியில் உள்ளே படியும் ஈரமும் அதே தோற்றத்தைத் தரும். அளவுக்கோலில் வரும் எண்ணெயே பால் நிறமாக இருந்தால்தான் கவலை. அப்போது எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன், கூலன்டின் மேலுள்ள காற்றில் எரிப்பு வாயு இருந்தால் நிறம் மாறும் நீலத் திரவச் சோதனையையும், சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்திப் பார்க்கும் கசிவுச் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

வெப்பமானி முள்ளை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. கூலன்ட் வடிந்துபோய் உணரி வெறும் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் சரியான அளவைக் காட்டலாம். முள் ஏறினாலும், ஹீட்டரில் திடீரென்று குளிர்காற்று வந்தாலும், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைச் சுட்டுவிடும்; கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணலாம். பராமரிப்புக்கு வந்தால், குழாய் நீரை ஊற்றாமல் தயாரிப்பாளர் சொன்ன வகைக் கூலன்டை உரிய காலத்தில் மாற்றுவதும், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), மின்விசிறி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைச் சோதிப்பதுமே போதும். மூடியை அற்பமாக எண்ண வேண்டாம்; அது அழுத்தத்தைத் தாங்கினால்தான் கூலன்டின் கொதிநிலை உயரும்.

கசிவை அடைப்பதாகச் சொல்லி ஊற்றப்படும் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவை ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கக்கூடும். கேஸ்கெட்டை மாற்றுவதென்று முடிவானால், ஹெட்டின் சமதளத்தை நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அளந்து, வளைவு கையேட்டின் வரம்பைத் தாண்டினால் பேஸிங் செய்து, அதாவது பரப்பைச் சீவி, சமமாக்க வேண்டும். விரிசல் உண்டா என்றும் சோதிக்க வேண்டும். டீசல் எஞ்சின்கள் பலவற்றில், பிளாக்கின் பரப்புக்கு மேல் பிஸ்டன் எழும் உயரத்துக்கேற்ற கனமுள்ள கேஸ்கெட்டையே போட வேண்டும். நீண்டு கொடுக்கும்படி இறுக்கப்படும் வகை போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தாமல், புதியவற்றை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கையேட்டின் வரிசைப்படி, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் படிப்படியாக முறுக்கிப் பின் குறித்த கோணத்துக்குத் திருப்ப வேண்டும். கடைசியாக, கூலன்டை நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு, முதல் சில நாட்கள் எஞ்சின் ஆறியிருக்கும் வேளையில் கூலன்டின் மட்டத்தைப் பார்த்து வர வேண்டும்.