லிகூரியா கடற்கரை: ரயில் மலிவு, கூடாரம்தான் படுத்தியது

இத்தாலியின் லிகூரியா கடற்கரையைக் கையைக் கடிக்காமல் சுற்ற முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக முடியும். ரயிலில் பெரிய தலைவலி இல்லை. கூடாரம் போட்டுத் தங்குகிறோம் என்று சொன்ன இடமெல்லாம் எங்களுக்கு இடி விழுந்தது. முதல் இடி சென்னையிலேயே.

விசாவுக்குத் தங்குமிடச் சான்று வேண்டும். கேம்ப்சைட் முன்பதிவை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஹோட்டல் இல்லையே மேடம்" என்றார். ஏதோ பிளாட்பாரத்தில் படுக்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார் போல. அதையாவது பேசிச் சரிக்கட்டினேன். அடுத்ததுக்கு வழியே இல்லை. அந்தக் கடற்கரையில் லெவாந்தோ என்கிற ஊரின் கேம்ப்சைட்டுக்கு இரண்டு பேர் என்று எழுதி முன்பணமும் கட்டியிருந்தேன். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் என் பெயர் மட்டும்தான். "அப்ப உங்க தங்கச்சி எங்க தங்குவாங்க?" மதுரையிலிருந்து ராத்திரி பூரா பாண்டியனில் வந்தது வீண். அன்று ராத்திரியே திரும்ப அதே பாண்டியன்.

கேம்ப்சைட்டிடம் கடிதம் கேட்கும்போது எல்லாருடைய பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே, பாஸ்போர்ட் எண்ணோடு, வரும் தேதி போகும் தேதியோடு வேண்டும் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். ஒரு ராத்திரிக்குக் கணக்கு இடித்தாலும் கவுண்டரில் கேள்வி வரும்.

இரண்டு பேர் பெயரும் போட்டுத் திருத்திய கடிதத்தை அலைந்து வாங்கியபின், விசா, விமானம், மிலான், ஜெனோவா எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

இந்தக் கடற்கரைக்கு ரயில் பாஸ் எதுவும் வாங்க வேண்டாம். ரெஜியோனாலே என்கிற சாதாரண வண்டிக்கு ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை, சீட் முன்பதிவும் கிடையாது. காகித டிக்கெட் என்றால் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். போனில் வாங்கினால் ஏறுமுன் செக்-இன் அழுத்த வேண்டும். ஃபினாலே லிகூரேயில் அந்தப் பெட்டி செத்துக் கிடந்தது. வண்டி வந்ததும் நேரே கண்டக்டரிடம் ஓடி டிக்கெட்டைக் காட்டினோம். அவர் பேனாவால் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே பிளாட்பாரத்தில் ஏறி, எதிரில் உட்கார்ந்திருந்த ஜோடி யாரிடமும் சொல்லவில்லை. அவர்களுக்கு அபராதம். பெட்டி வேலை செய்யவில்லை என்று அவர்கள் சொன்னதும் எடுபடவில்லை. அவர் வந்து கேட்பதற்கு முன்னால் நாம் போய்ச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, வரைபடத்தில் ஊர் கடலோரம் இருக்கிறது என்பதற்காக ஸ்டேஷனும் அங்கேயே இருக்கும் என்று நம்பி, மூட்டையோடு இறங்கி நடந்துகொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். மேற்குப் பக்கத்தில் 2001-லும் 2016-லும் பாதையை உள்ளே தள்ளி மலைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். சான்ரெமோ ஸ்டேஷன் பூமிக்கடியில் இருக்கிறது, வெளியே வரவே ஒரு நெடுநடை. தியானோ ஸ்டேஷனிலிருந்து கடலுக்கு வெயிலில் நடப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். பழைய தண்டவாளம் ஓடிய கடலோரத்தில் இப்போது சைக்கிள் பாதை. அது அருமை, அதற்காக மன்னித்துவிடலாம்.

அடுப்புக்கு கேஸ் டப்பா விமானத்தில் ஏற்ற முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதெல்லாம் ஊசி குத்தித் திறக்கும் நீல டப்பா. எங்கள் அடுப்போ மரை போட்டுத் திருகுவது. கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஃபினாலே கைகொடுத்தது. பாறை ஏறுகிறவர்கள் வந்து குவியும் ஊர் அது, மலையேற்றச் சாமான் கடையில் மரை டப்பா அடுக்கி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி ரவா உப்புமா. லெவாந்தோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், ஃபினாலேயிலேயே வாங்கிவிடுங்கள்.

லெவாந்தோவில் இறங்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். கேம்ப்சைட் வாசலில் குறுக்குக் கம்பி, அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அட்டை: மூன்று மணிக்குத் திறப்பார்கள். உள்ளே விசிறி சுற்றுகிறது, ஆள் இருக்கிறார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூட்டைகளோடு சுவர் நிழலில் உட்கார்ந்தோம், நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். மத்தியானம் அங்கே எல்லாருக்கும் ஓய்வு நேரம். காலை பதினொன்றுக்குள் போய்ச் சேருங்கள், இல்லையென்றால் கடலில் குளித்துவிட்டு நாலு மணிக்குப் போங்கள்.

திறந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். தங்குகிற எல்லாருடைய விவரமும் போலீசுக்குப் போக வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம், பயப்பட வேண்டாம். அப்புறம் அந்த அம்மாள் கணினியைப் பார்த்து, "ஒரு ஆள்தானே?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் தமிழிலேயே கத்தியிருப்பேன். தங்கைதான் பையிலிருந்து அந்தத் திருத்திய கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். அவர்கள் முத்திரை, அவர்கள் கையெழுத்து. விசாவுக்காக அலைந்து வாங்கிய அந்தத் தாள் இங்கே எங்களைக் காப்பாற்றியது. கூடுதல் ஆளுக்கு மறுபடி பணம் கேட்க வாய் வரவில்லை அவருக்கு.

இடம் என்று கொடுத்தது மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய ஒரு படித்தளம். கூடார முளை நாலு விரல் இறங்குவதற்குள் வளைந்துவிட்டது. அலுமினிய முளை அங்கே உதவாது, கனமான இரும்பு ஆணி கொண்டுபோங்கள். நாங்கள் பெரிய கற்களைப் பொறுக்கிக் கயிற்றைச் சுற்றி ஒப்பேற்றினோம். வெந்நீர்க் குளியலுக்குக் காசு மாதிரி ஒரு வில்லை வாங்கிப் போட வேண்டும். தலைக்கு ஷாம்பு போட்டிருக்கும்போது தீரும். சுற்றுலா வரி தனி, சில்லறையாகவே கேட்டார்கள்.

பக்கத்திலேயே சின்க்வே தெர்ரே என்கிற ஐந்து கடலோர ஊர்கள். தேசியப் பூங்கா எல்லைக்குள் கூடாரம் போடத் தடை, அதனால்தான் லெவாந்தோவில் தங்கல். ஐந்து ஊருக்கும் போய்வர நாள் அட்டை எடுங்கள், லெவாந்தோவிலிருந்து லா ஸ்பெட்சியா வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம், கட்டண நடைபாதைகளும் பெரும்பாலும் அதில் அடக்கம். அந்த ஐந்தில் ஒன்றான கொர்னீலியாவில் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குச் சுமார் 380 படி. முழங்கால் வலிக்காரர்கள் மினி பஸ் பிடியுங்கள்.

கிளம்புகிற நாள் பார்த்து ரயில் ஸ்டிரைக். முந்தின நாள் பாத்திரம் கழுவும் இடத்தில் யாரோ எழுதி ஒட்டியிருந்த தாளைத் தங்கை பார்த்திருக்காவிட்டால் மாட்டியிருப்போம். வேலைநாளில் ஸ்டிரைக் என்றாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட சில வண்டிகளை ஓட்டியே ஆக வேண்டும். ஞாயிறு, விடுமுறை நாளில் அந்த உத்தரவாதத்தை நம்பாதீர்கள். விடிவதற்கு முன்பே கூடாரத்தைச் சுருட்டிவிட்டு, முந்தின ராத்திரியே கணக்கை முடித்து வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டோடு ஸ்டேஷனுக்கு நடந்தோம். அலுவலகம் எட்டரைக்குத்தான் திறக்கும். காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று பாஸ்போர்ட்டை அங்கேயே விட்டிருந்தவர்கள் அது திறக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள்.