நீ கிறிஸ்தவமோ, கத்தோலிக்கமோ?

எங்கட நாட்டில ஓ.எல். சோதினைக்கு சமயபாடத்தில கத்தோலிக்கம் எண்டு ஒரு பேப்பர், கிறிஸ்தவம் எண்டு இன்னொரு பேப்பர், ரெண்டும் வேற வேற. குடிசன மதிப்பீட்டிலயும் அப்பிடித்தான், ரோமன் கத்தோலிக்கர் ஒரு நிரல், ஏனைய கிறிஸ்தவர் பக்கத்தில இன்னொரு நிரல். அதால யாழ்ப்பாணத்தில "நீர் கிறிஸ்தவமோ கத்தோலிக்கமோ" எண்டு கேட்டா ஒருத்தரும் திடுக்கிடுறேல்ல, எந்த ஊர் எண்டு கேக்கிற மாதிரி ஒரு கேள்வி அது. போன வருசம் என்ர மூத்தவள் யூனிவேர்சிற்றியால வந்து, அங்க பைபிள் படிக்கிற பிள்ளையள் கொஞ்சப்பேர் தன்னட்ட "நீ கத்தோலிக், அப்ப நீ இன்னும் கிறிஸ்டியன் ஆகேல்ல" எண்டு சொன்னவை எண்டு கண் கலங்கிப்போய் நிண்டாள். மறுமொழி சொல்லவெண்டு நான் வாயெடுக்க, வந்தது முழுக்க 1991 ஒக்ரோபரில எங்கட வகுப்பில நடந்த கதை. மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு எங்கட பழைய மாணவர் சங்கத்தில கேட்டுக்கொண்டே இருந்தவை, இதத்தான் எழுதவேணும் எண்டு அண்டைக்கு முடிவெடுத்தனான்.

இந்தக் கதையில வாற சிநேகிதன் ஆரெண்டு எங்கட பற்ச் ஆக்களுக்கு உடன பிடிபடும். பேர் போடவேண்டாம் எண்டு கேட்டவன், நான் போடேல்ல. அவனும் நானும் ஒரே கோயில், ஒரே வருசம், ஒரே ஞானஸ்நானத் தொட்டி. முதல் நன்மை எடுத்ததும் ஒண்டாத்தான், வெள்ளைச் சேட்டோட மெழுகுதிரி பிடிச்சு நிக்கிற அந்தப் படம் அவனிட்டயும் இருக்கு. பிறகு 1990இல அவன்ர வீடு முழுக்க பெந்தகோஸ்து சபைக்கு மாறிட்டுது, சனம் அல்லேலூயாக்காரர் எண்டு சொல்லுற சபை. அவன் திரும்பவும் தண்ணிக்குள்ள முழுகி ஞானஸ்நானம் எடுத்தவன். எங்கட ஒழுங்கையில அதுக்குப் பிறகு அந்த வீட்டோட கதை பேச்சுக் குறைஞ்சு போச்சு.

ஒக்ரோபர் செபமாலை மாதம். காலமை முதல் பாடத்துக்கு முன்னம் வகுப்பில செபமாலையில ஒரு பத்து, அதாவது ஒரு பரலோக மந்திரமும் பத்துத்தரம் மாதா மந்திரமும், சொல்லுவிப்பினம், ஒவ்வொரு நாளும் ஒராள் முன்னால நிண்டு சொல்லவேணும். அண்டைக்கு மாஸ்ரர் அவன்ர பேரைக் கூப்பிட்டார். அவன் எழும்பி நிண்டான், முன்னுக்கு வரேல்ல. "சேர், நான் பரலோக மந்திரம் சொல்லுறன், மற்றது சொல்ல ஏலாது" எண்டு மெதுவாச் சொன்னவன், அதைக்கூட எதிர்த்துச் சொல்லுற மாதிரிச் சொல்லேல்ல, அவன்ர விரல் மேசை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதும் நகம் வெளிறிப்போய் இருந்ததும் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மாஸ்ரர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துபோட்டு, "மாதாவை வணங்காதவன் கிறிஸ்தவனே இல்லை, நீ போய் சைவசமய வகுப்பில இரு" எண்டார். வகுப்பு முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சனான். அவன் கொப்பியை எடுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தாலதான் போனவன், என்னைப் பாக்கேல்ல.

சைவசமயம் படிப்பிச்ச சேர் அவனுக்கு கடைசி வாங்கில இடம் குடுத்து, "நீர் உம்மட வேதாகமத்தை வாசியும் தம்பி" எண்டு சொன்னவராம். ஒரு வருசத்துக்கு மேல அந்த வாங்கில இருந்து தானே படிச்சு, 1992 ஓ.எல்.லில கிறிஸ்தவம் பேப்பர் எங்கட கல்லூரியில எழுதினது அவன் ஒராள் மட்டும்தான். அவனுக்கெண்டு தனிய ஒரு பேப்பர்க் கட்டு உடைச்சவை.

எங்கட சிநேகிதம் அதோட முறியேல்ல, ஆனா அதுக்குப் பிறகு நாங்கள் கதைச்சதெல்லாம் தர்க்கம்தான். கரண்ட் இல்லாத காலம், பின்னேரம் ஜெற்றிப் பக்கம் போய் இருந்தா இருட்டும் மட்டும் இதுதான். அவன் முதல் பிடிச்சது பத்துக் கட்டளை. எங்கட ஞானோபதேசத்தில ரெண்டாம் கட்டளை சர்வேசுரன்ர திருநாமத்தை வீணாகச் சொல்லாதே எண்டது, அவன்ர பைபிளில அதுக்கு முன்னால "ஒரு சொரூபத்தையாகிலும் யாதொரு விக்கிரகத்தையாகிலும்" உண்டாக்கவேண்டாம் எண்டு ஒரு கட்டளை நிக்குது. சொரூபம்! நாங்கள் அந்தோனியார் சொரூபம், சூசையப்பர் சொரூபம் எண்டு நாளாந்தம் சொல்லுற அதே சொல். "நீங்கள் வெட்டிப்போட்டியள், பிறகு பத்து காணாதெண்டு கடைசியை ரெண்டாப் பிரிச்சியள்" எண்டான். எனக்கு மறுமொழி இல்லை, ஒரு கிழமை நித்திரை இல்லை. கன காலத்துக்குப் பிறகுதான் தெரிஞ்சுது, யாத்திராகமம் 20இல அந்த வசனம் எங்கட வேதாகமத்திலயும் முழுசா இருக்கு, நாங்கள் அதை முதல் கட்டளைக்குள்ள சேர்த்து எண்ணுறம், அந்த எண்ணிக்கை அர்ச்சியசிட்ட (புனித) அகுஸ்தீனார் காலத்தில இருந்து வாறது, அதோட லூத்தர் சபைக்காரரும் எங்களை மாதிரித்தான் எண்ணுறவை. இது அண்டைக்கு ஜெற்றியில ஒருத்தருக்கும் தெரியாது.

மற்றது "கும்பிடுறது". கடவுளுக்கு மட்டும் ஆராதனை, மாதாவுக்கும் அர்ச்சியசிட்டவைக்கும் வணக்கம் எண்டு 787இல நிசேயாவில கூடின திருச்சபைப் பொதுச்சங்கமே பிரிச்சுச் சொல்லிப்போட்டுது, ஆனா எங்கட பேச்சில எல்லாத்துக்கும் ஒரே சொல்தான், மாதாவைக் கும்பிடுறம், பாதரைக் கண்டாலும் கும்பிடுறம், கலியாண வீட்டில பெரியாக்களையும் கும்பிட்டு எழும்புறம். எங்கட சண்டையில பாதி அந்த ஒரு சொல்லால வந்ததெண்டு நான் இப்பவும் நினைக்கிறன். மிச்சப் பாதி அப்பிடி இல்லை. உத்தரிக்கிற ஸ்தலம், செத்த ஆன்மாக்கள் சுத்தமாகிற இடம், அதைப் பற்றி அவன் கேக்க நான் மக்கபே ரெண்டாம் புத்தகத்தில செத்த ஆக்களுக்காக மன்றாடினதைக் காட்டினன், அவன் தன்ர பைபிளைத் திறந்து "எங்க இருக்கு காட்டு" எண்டான், இல்லைத்தான், எங்கட 73 புத்தகம், அவன்ரை 66. எது வேதம் எண்டதிலயே பிரிவு இருக்கேக்க சொல்லை மாத்தி அதைத் தீர்க்க ஏலாது.

ஒருநாள் நான் கோவத்தில "அப்ப ஏன்ரா மாறினனீங்கள், காசு தந்தவையோ" எண்டு கேட்டிட்டன். அவன் கோவிக்கேல்ல. "அப்பா குடிக்கிறேல்ல இப்ப" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன். அவன்ர அப்பா குடிச்சுப்போட்டு வாற சத்தம் எங்கட வீட்டுக்கும் கேக்கும், தாய் எங்கட கிணத்தடியில வந்து இருந்து அழுததும் எனக்குத் தெரியும். எங்கட பங்கில இருந்து ஒருத்தரும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு செபம் சொல்லேல்ல, சபைக்காரர் நாப்பது நாள் ஒவ்வொரு பின்னேரமும் வந்து சொல்லியிருக்கினம். அவனுக்கு மெய்யான கிறிஸ்தவன் எண்டா மாறின மனுசன். அதுக்கு அவனுக்கு வேற சாட்சி தேவைப்படேல்ல.

எங்கட அம்மம்மா அவையைப் பதிதர், அதாவது வேதம் பிசகினவை, எண்டுதான் சொல்லுவா. இது வெறும் ஏச்சு இல்லை, அதுக்குப் பின்னால ஒரு பெரிய காயம் இருக்கு. அம்மம்மான்ர ஊர் சில்லாலை. 1658இல புரட்டஸ்தாந்துக்காரரான ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு கத்தோலிக்க வேதத்தைத் தடை செய்தவங்கள், குருமாரைத் துரத்தினவங்கள், கலியாணம் பதியிறதெண்டாலும் அவங்கட கோயிலுக்குத்தான் போகவேணும். 1687இல கோவாவில இருந்து யோசேவ் வாஸ் முனிவர் கூலியாள் வேசத்தில வந்து சேர்ந்து, ஒளிச்சிருந்து ராவில பூசை வைச்சது சில்லாலையில. 2015 ஜனவரி 14 பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில அவரை அர்ச்சியசிட்டவராக்கினதை ரீவியில பாக்கேக்க அம்மம்மா இல்லையே எண்டு அழுதனான். தன்ர பாட்டன் பூட்டன் செபமாலையை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைச்சவை எண்டு சொல்லுற மனுசி, செபமாலை வேண்டாம் எண்டு தானா விட்டுட்டுப் போறவையை எப்பிடிப் பாப்பா? அவனைக் கண்டா முகத்தைத் திருப்புவா. அவன்ர பைபிளில பேதுரு, பவுல் எண்டு இருக்க, "ஆரடா உந்தப் பேதுரு, எங்கட இராயப்பரை என்ன செய்தவங்கள்" எண்டு என்னட்டக் கேட்டவா. (பிறகு 1995இல வந்த பொது மொழிபெயர்ப்பில நாங்களும் பேதுரு எண்டே எழுதத் தொடங்கிட்டம்.)

1995 ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கியில அறிவிச்சவை, சண்டை கிட்ட வருது, எல்லாரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடவேணும் எண்டு. அம்மம்மாவால நடக்க ஏலாது. அப்பா கொழும்பில, அம்மாவும் தங்கச்சியும் ஒரு சைக்கிளில, என்ர சைக்கிளில அரிசியும் உடுப்பும். அவன்தான் வந்தவன். தங்கட ஆக்களை முன்னால அனுப்பிப்போட்டு, கரியரில ஒரு தலையணையை ரியூப்பால இறுக்கிக் கட்டி, அம்மம்மாவைத் தூக்கி இருத்தினான். மழை. செம்மணி தாண்டி நாவற்குழிப் பாலம் மட்டும் சனம் சனத்தோட நெரிபட்டு, ஒரு அடி வைக்க அஞ்சு நிமிசம், சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. அவன் ஒரு கையால ஹாண்டிலைப் பிடிச்சு மற்றக் கையால அம்மம்மாவின்ர முதுகைத் தாங்கிக்கொண்டு வந்தவன். அம்மம்மா செபமாலையை எடுத்துச் சத்தமாச் சொல்லத் தொடங்கினா, பழைய செபம், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" எண்டு. நான் பின்னால மறுமொழி சொல்லிக்கொண்டு வந்தன். அவன் வாய் திறக்கேல்ல. ஆனா பத்து முடிஞ்சு "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" எண்டு வரேக்க அவன்ர குரலும் சேர்ந்துது. அம்மம்மா "அர்ச்சிக்கப்படுவதாக" எண்ண அவன் "பரிசுத்தப்படுவதாக" எண்டான். நாங்கள் தீமையில இருந்து இரட்சியும் எண்டு முடிச்சு ஆமென் சொல்ல, அவன் நிப்பாட்டேல்ல, "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே" எண்டு தன்ர முடிவு மட்டும் சொன்னான். முதல் தரம் அம்மம்மாவின்ர அடுத்த மணி அவன்ர குரலுக்கு மேலால போட்டுது. அடுத்த பத்தில இருந்து அம்மம்மா அவன் ஆமென் சொல்லும் மட்டும் மணியைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தா, பிறகுதான் "பிரியதத்தத்தினாலே". விடியும் மட்டும் அப்பிடித்தான், அவன் மாதாவின்ர பேரை ஒருக்காலும் சொல்லேல்ல, அவா ஒருக்காலும் சொல்லச் சொல்லிக் கேக்கவும் இல்லை. அடுத்த வருசம் கிளிநொச்சியில அம்மம்மா கண்ணை மூடினா.

1997 ஜனவரியில நான் கொழும்பில, லொட்ஜில. திஸ்ஸ பாலசூரிய பாதரைத் திருச்சபையை விட்டு விலக்கினதெண்டு பேப்பர் முழுக்கக் கிடந்துது. மாதாவைப் பற்றி எழுதின புத்தகத்தில பிழை இருக்கெண்டு றோம் ஒரு விசுவாச அறிக்கையில கையெழுத்துக் கேட்டது, அவர் அதில வைக்கேல்ல. எழுபது தாண்டின, ஓ.எம்.ஐ. எண்ட அமலமரித் தியாகிகள் சபைக் குருவானவர், ஏழையளோட சீவியம் முழுக்கக் கிடந்த மனுசன். ஒரு வருசத்தால, 1998 ஜனவரியில திரும்பச் சேர்த்தவை. ஆர் மெய்யான கத்தோலிக்கன் எண்ட கேள்வி எங்கட வீட்டுக்குள்ளயே இவ்வளவு பெரிசெண்டு எனக்கு அப்பதான் உறைச்சுது.

லண்டன் வந்து கன வருசத்துக்குப் பிறகு பங்கில ஞானோபதேசம் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டவை, அதுக்காக ரெண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளை முதல்தரம் ஒழுங்கா வாசிச்சனான். 1964இல வந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில, கிறிஸ்துவை விசுவசிச்சு முறையா ஞானஸ்நானம் பெற்ற எல்லாரும், பிரிஞ்சிருந்தாலும், கிறிஸ்தவர் எண்ட பேருக்கு உரித்தானவை, ஆண்டவருக்குள்ள சகோதரர் எண்டு தெளிவா இருக்கு. 1964! எங்கட வகுப்பு நடந்தது 1991. அண்டைக்கு அவனுக்குச் சொன்னது எங்கட திருச்சபையின்ர படிப்பினையே இல்லை, அந்த வார்த்தை பிழை, நாங்கள் சிரிச்சதும் பிழை. 1999 ஒக்ரோபர் 31 ஜேர்மனியில ஔக்ஸ்பேர்க்கில கத்தோலிக்கரும் லூத்தர் சபைகளும் சேர்ந்து, மனுசன் மீட்கப்படுறது கடவுள்ர கிருபையால எண்டு கையெழுத்து வைச்சதையும் வாசிச்சன், ஜெற்றியில நாங்கள் தொண்டை கிழியக் கத்தின இன்னொரு விசயம் அது. வோல்சிங்ஹாமுக்கு எங்கட சனம் வருசா வருசம் மாதாவிட்டப் போறது உங்கள் எல்லாருக்கும் தெரியும், கத்தோலிக்கக் கோயிலில இருந்து ஒரு மைல் நடந்தா ஊருக்குள்ள அங்கிலிக்கன் சபையின்ர மாதா கோயில், அங்கயும் சொரூபம், அங்கயும் மெழுகுதிரி. முதல்தரம் அதுக்குள்ள போய் நிக்கேக்க அவன்ர ஞாபகம்தான் வந்துது.

மூத்தவளுக்கு நான் இவ்வளவும் சொல்லி, "அந்தப் பிள்ளையளோட கோவிக்காத, ஆனா தலை குனியவும் வேண்டாம், உன்ர ஞானஸ்நானம் மெய்" எண்டன். அண்டிரவே டென்மார்க்குக்கு போன் எடுத்தன். அவன் இப்ப அங்க ஒரு சபையில மூப்பர். 1991இல சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டன், இத்தினை வருசத்தில முதல்தரம். அவன் கொஞ்ச நேரம் கதைக்கேல்ல. பிறகு, "நீ சிரிச்சது எனக்குத் தெரியும்டா, உன்ர சத்தம் தனியாக் கேட்டது" எண்டான், "எப்பவோ மன்னிச்சிட்டன், ஆனா நீ இரட்சிக்கப்படவேணும் எண்டு இப்பவும் ஒவ்வொரு நாளும் செபிக்கிறனான்". நானும் அவனுக்காக ஒவ்வொரு நாளும் ஒரு பத்து சொல்லுறனான் எண்டன். சரி சொல்லு எண்டான்.

போனை வைக்கப்போகேக்க அம்மம்மாவைப் பற்றிக் கேட்டவன். கைதடியில விடியப்புறம் நான் தண்ணி தேடிப் போன நேரம் அம்மம்மா அவனைக் கூப்பிட்டு, "மோனை, நீ கடைசியாச் சொல்லுற அந்தத் துண்டு என்ன, ஒருக்காத் திருப்பிச் சொல்லு" எண்டு கேட்டவாவாம். அவன் சொல்ல, கேட்டுப்போட்டு, "நல்லாத்தான் இருக்கு, எங்கட சாமி ஏன் சொல்லித் தரேல்ல" எண்டவாவாம். எனக்கு அது இவ்வளவு நாளும் தெரியாது.