கச்சான் போட ஒரு கிண்ணம்

மனைவி தன் அக்காவோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தார். "இவர் பின்னேரமானால் கடையப் போயிடுவார்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரு கேள்வி வந்தது.

"கீரையோ?"

"இல்லையக்கா, மரம்."

"மரத்தை ஏன் கடையிறார்? கொத்தி அடுப்புக்குள்ள வைச்சால் காணாதோ?"

இரண்டு வருடமாக நானும் இதற்கு ஒரு நல்ல பதிலைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

திருகோணமலையில் டச்சுக் குடாவுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. கார் விடுவதற்கென்று மாமனார் கட்டிய கொட்டிலில் ஒருநாளும் கார் நின்றதில்லை. இப்போது மரக்கட்டையைச் சுழற்றி உளியால் கடைகிற ஒரு பழைய கடைசல் மெசின் நிற்கிறது. கட்டில் காலும் தொட்டில் காலும் கடைந்து பிழைத்த ஓர் ஆசாரியாரிடம் வாங்கியது. காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் அவர் சட்டைப் பைக்குள் வைத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் இரண்டு பம்பரம் கடைந்தேன். இரண்டும் சுற்றின. அந்தத் தலைக்கனத்தில் இருந்த நேரம் பார்த்துத்தான் மாமி கேட்டார். கோணேசர் கோயிலுக்குப் போய் வரும்போது வாங்கிய வறுத்த கச்சானை (நிலக்கடலையை) மடியில் கொட்டி உடைத்துக்கொண்டிருந்தவர், "தம்பி, கச்சான் போட ஒரு கிண்ணம் செய்து தாங்கோவன்" என்றார். கடையில் வாங்கினால் நூறு இருநூறு ரூபாவோடு முடிந்திருக்கும். நான் "அதுக்கென்ன மாமி" என்றேன்.

மரம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டுவதற்காக வேலிப் பூவரசுகளைத் தறித்துப் போட்டிருந்தார். கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மான்கள் இலையை எல்லாம் தின்று முடித்துவிட்டுக் கட்டைகளை எனக்கென்று விட்டுவைத்திருந்தன. சின்ன வயதில் அந்த இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியதோடு பூவரசுக்கும் எனக்கும் உறவு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஹவாய்த் தீவுக்காரர் இதே மரத்தை மிலோ என்று சொல்லி, அதில் சாப்பாட்டுக் கிண்ணங்கள் செய்தார்களாம். சாப்பாட்டில் மரத்தின் வாசம் ஏறாது என்பதுதான் காரணம். இதை வீட்டில் சொன்னேன். "அவங்கள் என்னத்தையும் செய்யட்டும், கொட்டிலைக் கூட்டுங்கோ" என்றார் மனைவி.

பத்து அங்குல விட்டமுள்ள கட்டையைப் பாதியாகப் பிளந்து மெசினில் பூட்டினேன். கிண்ணம் கடைகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900 சுற்று. கணக்கு எனக்குத் தெரியும். பெல்ட் மட்டும் பம்பரம் கடைந்த வேகத்திலேயே கிடந்தது.

சுவிட்சைப் போட்டேன். மெசின் நடக்கத் தொடங்கியது.

கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே நடந்தது. ஒரு பக்கம் பட்டையும் ஒரு பக்கம் வைரமுமாக இருக்கும் கட்டை அந்த வேகத்தில் சுற்றினால், பாரமான பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் மெசினைத் தன் பக்கம் இழுக்கும். வாசல் வரைக்கும் வந்துவிட்டது. நான் பின்னாலே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

வேகத்தைக் குறைத்தேன். அப்படியும் ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. கீழ்த் தட்டில் பாரம் வைக்க வேண்டும். மண் மூட்டை நல்லது, ஆனால் மண் இல்லை. குசினியில் கந்தளாயிலிருந்து சித்தப்பா அனுப்பிய இரண்டு மூட்டை அரிசி சும்மா சாத்திக் கிடந்தது. ஒன்று 25 கிலோ. பிறகென்ன, மெசின் யானை மாதிரி நின்றது.

மூன்றாம் நாள் மனைவி கொட்டில் வாசலில் வந்து நின்றார். "இஞ்சேருங்கோ, அரிசியைக் கண்டனீங்களோ?"

நான் வாய் திறக்கவில்லை. தட்டில் இருந்த மூட்டைகள் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. அன்று வாங்கியதை இங்கே எழுதுவதாக இல்லை. என்னைக் காப்பாற்றியவர் மாமிதான். மூட்டையை அவிழ்த்துக் கை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, குறுணல் எல்லாம் அடியில போயிட்டுது, புடைக்கிற வேலை மிச்சம்" என்றார். ஆட்டினால் சின்ன மணி இடுக்கால் இறங்குவது உண்மைதான். ஆனால் என் பொழுதுபோக்குக்குக் கிடைத்த முதல் பாராட்டு அரிசிக்காக என்பதுதான் கொஞ்சம் உறுத்தியது.

பச்சை மரம் கடைவது ஒரு தனிச் சுகம். உளியின் முதுகை முதலில் மரத்தில் சாய்த்து வைத்து, பிடியை மெல்ல உயர்த்த வேண்டும். சரியாகப் பிடித்தால் நீள நீளமாக ஈரச் சுருள் பறந்து வந்து தோளில் விழும், சட்டை நனையும். முதுகு படியாமல் நுனி முதலில் பட்டுவிட்டால் மரம் உளியைக் கவ்வி இழுக்கும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் இப்போதும் குரைக்கிறது.

பச்சையில் கடைந்தால் சுவரைத் தடிப்பாக விட வேண்டும், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. பிறகு மாதக் கணக்கில் காயவைத்து, இரண்டாம் தடவை கடைய வேண்டும். நான் முதல் கிண்ணத்தை ஓர் அங்குலத் தடிப்பில் கடைந்து, காற்றுப் படட்டும் என்று யன்னல் ஓரத்தில் வைத்தேன். அது ஆடி மாதம். கச்சான் காற்று அடிக்கிற காலம். இங்கே இருந்தவர்களுக்கு அந்தக் காற்று தெரியும்: ஈர உடுப்பு அரை மணியில் அப்பளமாகிவிடும். நடு இரவில் "டக்" என்று ஒரு சத்தம். மனைவி என்னை உலுக்கி, "கள்ளன்" என்றார். விளக்குமாறோடு போய்ப் பார்த்தால் விளிம்பிலிருந்து அடி வரைக்கும் விரல் நுழைகிற வெடிப்பு. கச்சான் போடச் செய்த கிண்ணத்தைக் கச்சானே வெடிக்க வைத்துவிட்டது என்று மாமி வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரித்தார்.

இரண்டாவதைப் புத்தியாகச் செய்தேன். அதன் சுருள்களையே நிரப்பிக் கடதாசிப் பையில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். மாரி முழுக்க அங்கேயே கிடந்தது. தை மாதம் எடுத்துப் பார்த்தால் வெடிப்பு இல்லை, ஆனால் வட்டமும் இல்லை. மரம் நார்போக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்கே சுருங்கும். கிண்ணம் மாங்காயாகியிருந்தது. அதற்காகத்தானே தடிப்பு விட்டது, திரும்பக் கடைந்தால் வட்டமாகிவிடும் என்று, விற்ற ஆசாரியாரையே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு மெசினைப் போட்டேன்.

மாங்காய் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை உளியைத் தட்டும். மெசின் பிடிப்பதற்காகக் கிண்ணத்தின் அடியில் விட்ட குமிழும் காய்ந்து நீள்வட்டமாகியிருக்கும், முதலில் அதைச் சீவி வட்டமாக்க வேண்டும். இதை ஆசாரியார் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் உளி கவ்விவிட்டது. கிண்ணம் பிடியை விட்டுக் கழன்று, அவருடைய காதோரமாக வாசலால் பறந்து, ஒழுங்கையில் உருண்டு, அங்கே நின்ற ஒரு மானின் காலடியில் போய்ப் படுத்தது. முகமூடி போட்டிருந்த நான் பிழைத்தேன். ஆசாரியார் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தார்.

மான் குனிந்து கிண்ணத்தை மணந்து பார்த்தது. பொலித்தீன் பையைக்கூடத் தின்கிற மான். கிண்ணத்தை வேண்டாமென்று விட்டுப் போனது.

ஆசாரியார் எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய் மாமியிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அன்று பின்னேரம் மாமி வந்து, "தம்பி, கிண்ணம் கிடக்கட்டும். கடையிறதுக்கு ஒரு மத்துக் கடைஞ்சு தாங்கோ" என்றார்.

இரண்டு அங்குலக் கம்பு, அரை மணி நேர வேலை. தலையை உருட்டி, அரத்தால் வரி போட்டு, மணல் கடதாசியால் தேய்த்துக் கொடுத்தேன். இரவே அதில் கீரை கடைந்து பார்த்தாயிற்று. மனைவியின் அக்காவுக்கு ஒன்று, பக்கத்து வளவுக்கு ஒன்று, கோயில் கூட்டாளிகளுக்கு நாலு என்று மாமி பட்டியல் போட்டுவிட்டார். வெடித்த கிண்ணம் இப்போது அவருடைய கதிரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கச்சான் பழையபடி மடியில்தான், கோது மட்டும் கிண்ணத்துக்குள்.

நேற்று மூன்றாவது மத்தைக் கடைந்துகொண்டிருக்கும்போது மனைவி வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வேலையைப் பார்க்கிறார் என்று நினைத்து நானும் கொஞ்சம் பந்தாவாக உளியைப் பிடித்தேன். குனிந்து ஒரு மூட்டையை இழுத்து எடுத்தார்.

"மத்துக்கு ஆட்டம் இல்லைத்தானே?"

இல்லை என்றேன். மற்ற மூட்டையையும் கொண்டு போய்விட்டார்.